இனாரியில் நான்கு இரவுகள்



பள்ளி திறந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. ஆசிரியர் அறையில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வானத்தில் பச்சை ஒளி தெரியுமாமே, பார்த்தீர்களா?" பார்த்தோம். அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதைவிட முதன்மையான செய்தி ஒன்றை அந்தப் பனிக்காட்டில் கேட்டுவந்தேன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நமக்கும், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர்க்கும் அது பயன்படலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் நிறைவடைந்தன. மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விட்டாள். "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று அவள்தான் நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் கேரளத்துப் படகுவீட்டைச் சொன்னேன். என் கணவர் பனி கொட்டும் நாடு என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. குளிர் அவருக்குப் புதிதன்று. கிள்ளான் துறைமுகத்தை அடுத்த குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். உறைந்த மீன்பெட்டிகள் அடுக்கிய அறைகளில், சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில், தடித்த சட்டையும் கையுறையும் அணிந்து நாள்தோறும் நடமாடுபவர். "பெட்டிக்குள்ள இருக்கிற குளிரை இத்தனை வருசம் பார்த்தாச்சு. வெளியில இருக்கிற குளிரையும் ஒரு தடவை பார்த்திடுவோமே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மகள் தேடித் தேர்ந்தெடுத்த ஊர் இனாரி. பின்லாந்து நாட்டின் வடகோடியில் உள்ளது. தலைநகர் எல்சிங்கியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே பறந்து, இவாலோ என்னும் சிறு வானூர்தி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செல்ல வேண்டும். அந்நாட்டின் வடகோடி வானூர்தி நிலையம் அதுதான். இனாரி என்பது சிற்றூரின் பெயர். அதைச் சூழ்ந்த நகராட்சிக்கும் அதுவே பெயர். பரப்பளவில் பின்லாந்தின் மிகப் பெரிய நகராட்சி இது. நம் சிலாங்கூர் மாநிலத்தைப்போல் இரு மடங்கு இருக்கும். மக்கள்தொகையோ ஏறக்குறைய 7,000. எங்கள் குடியிருப்புப் பகுதியின் நான்கைந்து அடுக்குமாடிகளில் அத்தனை பேரையும் குடியமர்த்திவிடலாம்.

பின்லாந்து என்றதும் நம் ஆசிரியர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பீசா தேர்வும், பணிமனைகளில் நமக்குக் காட்டப்படும் படவில்லைகளும்தான். அவற்றை எதிர்பார்ப்போர் என்னைப் பொறுத்தருள வேண்டும். நாங்கள் சென்றது கிறிஸ்துமசை ஒட்டிய நாள்கள். ஊரில் இருந்த பள்ளி பூட்டிக்கிடந்தது. அதன் வாயிலில் இடுப்பளவு பனி. பின்லாந்துக் கல்விமுறையைப் பற்றி நான் கண்டது அந்தப் பனி மட்டுமே.

முதலில் இருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடதுருவ வட்டம் என்பது வடக்கே 66.5 பாகை அளவில் செல்கிறது. இனாரி ஏறக்குறைய 69 பாகையில் இருக்கிறது. அதனால் திசம்பர் தொடக்கத்திலிருந்து சனவரி ஒன்பது, பத்தாம் நாள் வரையில் அங்கே கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. இக்காலத்தைப் பின்னியர்கள் 'காமோஸ்' என்கின்றனர். நான் ஆண்டுதோறும் அறிவியல் பாடத்தில் ஒரு பந்தையும் கைவிளக்கையும் வைத்துக்கொண்டு பகலும் இரவும் எப்படி உண்டாகின்றன என்று காட்டுவேன். பந்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அதன் உச்சியில் வெளிச்சம் படாத ஒரு வட்டம் தெரியும். பந்தை எவ்வளவு சுழற்றினாலும் அந்த வட்டத்துக்கு மட்டும் விடியாது. மாணவர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நானும் அந்த வட்டத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கடந்துவிடுவதுதான் வழக்கம். இம்முறை நான்கு நாள் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தேன்.

முழு இருள் என்று எண்ணிவிடாதீர்கள். காலை பத்து மணியளவில் தென்திசை வானம் வெளுக்கத் தொடங்கும். பிறகு ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீல நிறத்தில் ஓர் ஒளி. பனி, மரம், வீட்டுக்கூரை, மனிதர்களின் முகம் எல்லாமே நீலம். நண்பகலில் தெற்கே ஓரிடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு படரும். கதிரவன் அங்கே வாசல்வரை வந்து நிற்பது போலிருக்கும், உள்ளே வராது. பிற்பகல் இரண்டரைக்கெல்லாம் மீண்டும் இரவு. முதல் நாள் எனக்குக் காலமே தவறிப்போயிற்று. மாலை நான்கு மணிக்கு இரவு உணவுக்குப் பிறகான உறக்கம் வந்தது.

குளிரைப் பற்றிய தீர்ப்பை என் கணவரிடமே விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் காலை வெப்பமானி சுழியத்துக்குக் கீழ் 27 பாகை காட்டியது. மூச்சை இழுத்தால் மூக்கினுள் இருக்கும் மயிர் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணிமைகளில் வெண்துகள் படிகிறது. கைப்பேசியை வெளியில் எடுத்துச் சில நிமிடங்களில் மின்கலம் சோர்ந்து அணைந்துவிடுகிறது. காலடியில் பனி கீச்சுக்கீச்சென்று ஒலிக்கிறது. நெகிழிப் பஞ்சை உடைத்தால் வருமே, அந்த ஓசை. மகிழுந்துகளை நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்கம்பங்கள் இருந்தன. இயந்திரம் உறையாமலிருக்க இரவில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்கம்பி மாட்டிவைக்கிறார்கள். என் கணவர் அந்தக் கம்பங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கடைசியில் சொன்னார்: "நம்ம கிடங்குல கதவைத் திறந்தா வெயில். இங்க கதவைத் திறந்தாத்தான் கிடங்கு. ஆனா ஒன்னு, இங்க காற்றாடி சத்தம் இல்ல." உண்மைதான். அத்தகைய அமைதியை நான் இதுவரையில் கேட்டதில்லை.

உணவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கம்புபோல் கறுத்த ரொட்டி, சால்மன் மீன் போட்ட பாற்கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கின்மேல் வதக்கிய துருவமான் இறைச்சி, அதற்குத் தொட்டுக்கொள்ளப் புளிப்பான சிவப்புப் பழம். அவர் துருவமானை உண்டார். நான் உண்ணவில்லை; கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பது என்று மகள் சொல்லிவிட்டதால் மனம் ஒப்பவில்லை. நெத்திலிச் சம்பல் ஒரு புட்டியில் கொண்டு சென்றிருந்தோம். மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது.

இனிச் செய்திக்கு வருகிறேன்.

பேருந்து ஊருக்குள் நுழையும்போதே ஒரு பெயர்ப்பலகை என் கண்ணில் பட்டது. ஒரே ஊரின் பெயரை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். பின்னிய மொழியில் இனாரி. அதற்குக் கீழே சற்றே மாறிய எழுத்துகளில் மேலும் மூன்று. விசாரித்தபோது, அவை மூன்றும் சாமி மொழிகள் என்றார்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில் தொன்றுதொட்டு வாழும் பழங்குடியினர் சாமி மக்கள். (நம் காதுக்கு அந்தப் பெயர் வேறொரு பொருள் தரும். "சாமி ஊருக்கே வந்துட்டோம்" என்று என் கணவர் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.) அவர்களின் மொழி ஒன்றன்று, பல. வடசாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி ஆகிய மூன்றும் இந்த ஒரு நகராட்சியில் பேசப்படுகின்றன. பின்னிய மொழியோடு சேர்த்து நான்கு மொழிகளுக்கும் இங்கே அலுவல் தகுதி உண்டு. பின்லாந்தில் இப்படி நான்கு மொழி கொண்ட நகராட்சி வேறில்லை.

இவற்றுள் இனாரி சாமி என்பது உலகத்தில் இந்த ஏரிக்கரையைத் தவிர வேறெங்கும் பிறந்து வளர்ந்த மொழியன்று. பேசுவோர் சில நூறு பேர். ஆயிரம்கூட இல்லை. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிக்கு வருவோரின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

ஊரின் ஓரத்தில், ஏரியைப் பார்த்தபடி, 'சீடா' என்னும் சாமி அருங்காட்சியகம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதைப் பெற்றது. எல்சிங்கியின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த சாமி மக்களின் பொருள்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 2021இல் இங்கே திருப்பியளிக்கப்பட்டன. படகு, தொட்டில், கரண்டி, தையல் ஊசிக்கூடு என எல்லாம் புழங்கு பொருள்கள். முதன்மைக் கண்காட்சிக்கு இனாரி சாமி மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் 'இந்நிலங்கள் எம் பிள்ளைகள்' என்பது. நாம் நிலத்தைத் தாய் என்போம். தாய் என்றால் அவள் நம்மைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளை என்றால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயருக்கு முன்னால் சற்று நேரம் நின்றேன்.

அங்கே கண்டதையும், தங்கிய விடுதியின் உரிமையாளரான பெண்மணி கூறியதையும், ஊர் திரும்பியபின் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920இல் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் இச்சிறு சமூகத்தில் பலரைக் கொண்டுபோயிற்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் லாப்லாந்து எரிந்தது. மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் பின்னர்த் திரும்பினர். அதன்பின் வந்தது பள்ளிக்கூடம். வீடுகள் தொலைவில் சிதறிக்கிடந்ததால் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருந்தது. விடுதியிலும் வகுப்பிலும் பின்னிய மொழி மட்டுமே. ஏழு வயதில் சாமி மொழியோடு உள்ளே போன பிள்ளை, வெளியே வரும்போது அந்த மொழி வீட்டுக்குப் பின்கட்டில் மறைக்க வேண்டிய பொருள் என்று கற்றுக்கொண்டிருந்தது. அப்பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது தம் குழந்தைகளிடம் பின்னிய மொழியில் மட்டும் பேசினர். வெறுப்பினாலன்று, தாம் பட்டதைப் பிள்ளை படக்கூடாதே என்னும் அன்பினால். 1990களில் இனாரி சாமி பேசும் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை.

1997இல் அவர்கள் ஒரு மழலையர் இல்லத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கியெலிபெசா', அதாவது மொழிக்கூடு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய முறையைப் பின்பற்றியது. விதி ஒன்றே ஒன்று: அங்குள்ள பெரியவர்கள் முதல் நாள் முதல் நிமிடத்திலிருந்து இனாரி சாமியில் மட்டுமே பேச வேண்டும். குழந்தை பின்னிய மொழியில் பதில் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மொழிப்பாடம் இல்லை, எழுத்துப் பயிற்சி இல்லை. கையுறை போடு, கஞ்சி சூடாக இருக்கிறது, காலணியை மாற்றிப் போட்டிருக்கிறாய், மூக்கைத் துடை. நாள் முழுவதும் இதுதான். சில மாதங்களில் குழந்தை அந்த மொழியிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கூட்டில் பேசப் பெரியவர்கள் வேண்டுமே? மொழி தெரிந்தவர்கள் தாத்தா பாட்டி வயதினர். குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த தலைமுறைக்கு மொழியே இல்லை. அந்தத் தலைமுறையை என்ன செய்வது? வேறு இடமாக இருந்தால் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். இங்கே அவர்களை வகுப்பில் உட்காரவைத்தார்கள். 2009ஆம் ஆண்டு, ஆசிரியர், குழந்தைப் பராமரிப்பாளர், செய்தியாளர் போன்ற பணிகளில் இருந்த 17 பேர் ஓராண்டு முழுநேரமாக இனாரி சாமி கற்றார்கள். வகுப்பறையில் பாதி, முதியவர்களின் வீட்டுச் சமையலறையிலும் மீன்பிடி வலையருகிலும் மீதி. கற்று முடித்தவர்களில் பலர் இன்று அம்மொழியிலேயே பணியாற்றுகின்றனர்.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும்போது உறைந்த ஏரியின்மேல் இருந்த தடத்தில் நடந்துவந்தோம். அப்போதுதான் எங்களுக்குள் சிறு வாக்குவாதம் வந்தது.

"முந்நூறு, நானூறு பேர் பேசுற மொழிக்கு இவ்வளவு செலவா?" என்றார் அவர்.

நான் ஆசிரியர் அல்லவா, தொடங்கிவிட்டேன். நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவதையும், 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் ஏராளமாகிவிட்டதையும், எங்கள் பள்ளியில் மொத்தமே 41 பேர் என்பதையும், ஒன்றாம் ஆண்டுக்கு இதுவரை ஏழு பேர் மட்டும் பதிந்திருப்பதையும் மூச்சுவாங்கச் சொன்னேன். குளிரில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் புகையாக வெளிவருகிறது. நிறையப் புகை வந்தது.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "டீச்சர், ஒன்னு சொல்லட்டா? நீங்க எல்லாரும் மேடையில பேசுறதைக் கேட்டா, தமிழ் படிக்கத் தெரியாதவன் ஏதோ திருடன் மாதிரி இருக்கும். எனக்குப் படிக்க ஆசை இல்லாமலா இருந்துச்சு?"

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். என் கணவர் தேசியப் பள்ளியில் படித்தவர். அவர் வளர்ந்த இடத்துக்கு அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை. படித்த பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த ஆசிரியரும் இல்லை. வீட்டில் தமிழ்தான் பேசுவார். நகைச்சுவையாகவும் சரளமாகவும் பேசுவார். படிப்பதென்றால் கடைப்பெயரை எழுத்துக்கூட்டுவார். எழுதியதில்லை. இதனை அவர் ஒப்புதலோடுதான் இங்கே எழுதுகிறேன். "எழுது, எழுது. என்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்கான்" என்றார்.

அவர் தொடர்ந்தார். "பள்ளிக்கூடத்துல இருந்து பெற்றோருக்குக் கடிதம் அனுப்புறீங்க. முழுக்கத் தமிழ்ல, அதுவும் நல்ல தமிழ்ல. அது எனக்குப் புரியாது. அதைப் போய் டீச்சர்கிட்டக் கேட்க வெட்கம். அந்த வெட்கத்துக்குப் பக்கத்துல இருக்கிற தேசியப் பள்ளி லேசு. அங்க யாரும் எங்களைத் தமிழ் தெரியுமான்னு கேட்கமாட்டாங்க."

மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்ததில்லை. வேலைப்பளு என்று நான் எண்ணியிருந்தேன். அவர் கூறியதை அந்த ஏரியின்மேல் நான் மறுக்கவில்லை. முழுமையாக ஏற்கவும் இல்லை. கடிதத்தைத் தமிழில் எழுதாமல் வேறு எந்த மொழியில் எழுதுவது என்னும் எண்ணம் எனக்கு இன்னமும் உண்டு. இருவரும் பேசாமல் விடுதிவரை நடந்தோம். பனி மட்டும் கீச்சிட்டது.

அன்றிரவு விடுதிப் பெண்மணியின் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நாற்பது வயதைக் கடந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அவருடைய பாட்டிக்கு இனாரி சாமி தெரியும்; தந்தை விடுதிப் பள்ளியில் படித்தவர், ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகனை மொழிக்கூட்டில் சேர்த்தபின், நான்கு வயதுப் பிள்ளை வீட்டில் ஏதோ கேட்க, தமக்குப் புரியாமல் போன அன்று இவர் ஓராண்டுப் படிப்பில் சேர முடிவெடுத்தாராம்.

என் கணவர் பொதுவாக அயலாரிடம் கேள்வி கேட்பவரல்லர். அன்று கேட்டார். "அந்த வயதில் குழந்தையைப்போலத் தப்பும் தவறுமாகப் பேச உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. "வெட்கமாகத்தான் இருந்தது. முதல் மூன்று மாதம் வாயைத் திறக்கவே இல்லை. வார்த்தை தெரியும், வராது. அடுத்தவருடைய வீட்டில் திருட்டுத்தனமாக நுழைவது போலிருக்கும். என் பாட்டியின் மொழிதான், ஆனால் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றும்" என்றார்.

"அப்புறம்?"

"வாரம் இரண்டு நாள் ஒரு பாட்டியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீன் சுத்தம் செய்ய வேண்டும், ரொட்டி சுட வேண்டும். நான் ஒரு வாக்கியத்தை முடிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வேன். அவர் காத்திருப்பார். பின்னிய மொழிக்கு மாறவே மாட்டார்."

"தவறாகச் சொன்னால் திருத்துவாரா?" இது நான் கேட்டது. ஆசிரியர் புத்தி.

"திருத்தியிருந்தால் இரண்டாம் வாரமே ஓடியிருப்பேன். நான் சொன்னதையே அவர் சரியான வடிவில் திருப்பிச் சொல்வார். பேச்சு வாக்கில். 'மீன் வந்துச்சுது' என்று நான் சொன்னால், 'ஆமாம், மீன் வந்தது, பெரிய மீன்' என்பார். அவ்வளவுதான். அவர் திருத்தினார் என்பதே எனக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் புரிந்தது."

(அவர் கூறிய எடுத்துக்காட்டு இனாரி சாமி மொழியில் இருந்தது. நம் மொழிக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன்.)

இதைக் கேட்டு அந்த ஊரில் எல்லாம் நலமாக முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. நண்பர்களோடு பின்னிய மொழியில்தான் பேசுகிறானாம். கணினி விளையாட்டெல்லாம் ஆங்கிலத்தில். தாயிடம் மட்டும் இனாரி சாமி, அதுவும் பணம் வேண்டுமென்றால் இனிமையாக வரும் என்றார். "நாளைக்கு அவன் தன் பிள்ளையிடம் எதில் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. அது அவன் கையில். என் தந்தை என்னிடம் தராததை நான் அவனுக்குத் தந்துவிட்டேன். அவன் வேண்டாமென்றால், கையில் இருப்பதை வேண்டாமென்கிறான். எனக்கு அந்த வாய்ப்புகூட இல்லை." அந்த ஊரில் அமோக் என்னும் பெயரில் ஓர் இளைஞர் இனாரி சாமி மொழியில் ராப் பாடல்கள் பாடி 2007இல் ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார் என்றும், தம் மகன் அதைக் கேட்பான் என்றும் கூறினார். பாட்டைப் போட்டும் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய தலை மட்டும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இனி அந்தப் பச்சை ஒளி. முதல் மூன்று இரவும் வானம் மேகமூட்டம். நான்காம் இரவு பத்து மணிக்கு மேல், விடுதிப் பெண்மணி கதவைத் தட்டி "வெளியே வாருங்கள்" என்றார். ஏரிக்குமேல் ஒரு வளைந்த கோடு. முதலில் மெல்லிய மேகம் என்றே நினைத்தேன். பிறகு அது அசைந்தது. திரைச்சீலையின் கீழ்விளிம்பைக் காற்று தூக்குமே, அப்படி. நண்பர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: படங்களில் காண்பது போன்ற அடர்ந்த பச்சை என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிறிய, சற்றே பச்சை கலந்த சாம்பல் நிறம்தான். கைப்பேசி எடுத்த படத்தில்தான் பச்சை பளிச்சென்று வந்தது. மங்கிய ஒளியில் நிறத்தைப் பிரித்தறிய நம் கண்ணால் இயலாது. படக்கருவி சில நொடிகள் ஒளியைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவப்பக்கம் ஈர்க்கப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் உயிர்வளி அணுக்களோடு மோதுவதால் அந்தப் பச்சை உண்டாகிறது. பின்னியர்கள் இதனை 'நரித்தீ' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பனிமலையில் ஓடும் நரியின் வால் பட்டுப் பறக்கும் பொறி என்பது பழைய கதை. இரண்டையும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நரிக்கே கைத்தட்டல் அதிகம்.

என் கணவர் மகிழ்ச்சியில் சீழ்க்கை அடித்துவிட்டார். அந்த அம்மையார் உடனே அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒளியைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தால் அது கீழே இறங்கிவந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவர் பாட்டி சொல்வாராம். "எங்க பாட்டியும் ராத்திரியில விசில் அடிக்கக்கூடாதுன்னு அடிப்பாங்க. எங்க ஊர்ல பாம்பு வரும்" என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். "உங்கள் பாட்டி அதை எந்த மொழியில் சொல்வார்?" என்று அந்த அம்மையார் கேட்டார். "தமிழில்." "சொல்லிக்காட்டுங்கள்." அந்தக் குளிரில், நரித்தீக்குக் கீழே நின்றுகொண்டு, தம் பாட்டியின் குரலிலேயே அவர் சொல்லிக்காட்டினார். வசையும் கலந்துதான். நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை இவாலோ வானூர்தி நிலையத்தில் அமர்ந்திருந்தோம். சன்னலுக்கு வெளியே பனி வழித்தெடுக்கும் வண்டிகள் ஓடுபாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வேலையிடத்துச் செய்தியாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. சற்று நேரத்தில் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. இத்தனை ஆண்டுகளாக அக்குழுவில் அவர் எழுதியதெல்லாம் மலாய், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழ். இது தமிழ் எழுத்தில் இருந்தது.

"நாங்க கெலம்பிட்டோம். இங்க பணி கொட்டுது."

மகளிடமிருந்து உடனே பதில்: "அப்பா! விடுமுறையிலயும் பணியா?" அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் நான்கு.

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எதிர் இருக்கையிலிருந்தபடியே நானும் குழுவில் எழுதினேன்: "ஆமாம், கிளம்பிட்டோம். இங்கே பனி கொட்டுகிறது. நிறையப் பனி."

இரண்டு செய்திகளையும் மேலும் கீழுமாக நகர்த்தி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வானூர்திக்கு அழைப்பு வந்தது. வரிசையில் நிற்கும்போது என் கைப்பேசி மீண்டும் ஒலித்தது.

"பனி. ரெண்டு சுழி."